ஆர்லாண்டோ விடுமுறை: பழைய மேஜிக் கிங்டமுக்கும் புதிய எபிக் யூனிவர்ஸுக்கும் நாட்களைப் பங்கிடுவது எப்படி?

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகருக்கு இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ குடும்பத்துடன் செல்பவர்களுக்கு 2025 மே 22ஆம் தேதிக்குப் பிறகு ஒரு புதுக் கணக்கு சேர்ந்திருக்கிறது. அன்றுதான் யூனிவர்சல் நிறுவனத்தின் எபிக் யூனிவர்ஸ் என்னும் புதிய கேளிக்கைப் பூங்கா முறையாகத் திறக்கப்பட்டது. மறுபக்கம், 1971 அக்டோபர் 1 முதல் இயங்கிவரும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்புவதற்குப் பிள்ளைகளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பல வீடுகளில் பெரியவர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடுமுறை என்னவோ ஒரு வாரம்தான். எனவே இருக்கும் நாட்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிடலாம் என்று பலரும் முடிவு செய்கிறார்கள்.

இப்படிச் சரிபாதியாகப் பிரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு பூங்காக்களும் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும் விதம் வேறுவேறு. புதிய பூங்காவில் எது பிடிக்கும், எதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்த ரைடு எப்போது நின்றுபோகும் என்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு முழு நாட்களும், உடல் களைக்காத காலை நேரங்களும் தேவை. பழைய பூங்காவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும். அதற்கு ஒரு முழு நாளும், சில மாலைகளும், கையில் ஒரு சிறு பட்டியலும் இருந்தால் போதும். எத்தனை நாள் என்று எண்ணுவதற்கு முன்பு, எந்தக் காலை எதற்கு, எந்த மாலை எதற்கு என்று பிரிக்கத் தொடங்கினால் திட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

உயரத்தை அளந்த பிறகே நாட்களை எண்ணுங்கள்

பங்கீட்டை முடிவு செய்வதில் விருப்பத்தைவிடப் பிள்ளைகளின் உயரத்துக்குப் பங்கு அதிகம். எபிக் யூனிவர்ஸில் உள்ள ரைடுகள் மொத்தம் பதினொன்று. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. மரியோ கார்ட், டாங்கி காங் பெயரிலான சுரங்க வண்டி, டிராகன் படங்களை வைத்து அமைத்த பெர்க் தீவுப் பகுதியின் விங் கிளைடர்ஸ், ஹாரி பாட்டர் பகுதியில் உள்ள பெரிய ரைடு, டார்க் யூனிவர்ஸ் என்னும் திகில் பகுதியின் ஓநாய் மனிதன் ரோலர் கோஸ்டர் ஆகிய ஐந்துக்கும் 40 அங்குலம், அதாவது ஏறத்தாழ 102 செ.மீ. வேண்டும். ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ், மான்ஸ்டர்ஸ் அன்செயின்ட் ஆகிய இரண்டுக்கும் 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. தேவை. யோஷி ரைடுக்கு 34 அங்குலம் போதும். குடை ராட்டினமும், படகிலிருந்து தண்ணீர் பீய்ச்சி விளையாடும் ஃபயர் டிரில்லும் சிறு குழந்தைகளைப் பெரியவர்களோடு ஏற்றிக்கொள்ளும்.

மேஜிக் கிங்டமில் நிலைமை வேறு. அங்கே ட்ரான் கோஸ்டருக்கு 48 அங்குலமும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலமும், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38 அங்குலமும் கேட்பார்கள். ஆனால் பைரேட்ஸ், ஹாண்டட் மேன்ஷன், பீட்டர் பான், ஜங்கிள் குரூஸ், டம்போ, பீப்பிள்மூவர், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் என்று கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஒரே இருக்கையில் அமர்ந்து போகக்கூடிய ரைடுகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று தலைமுறையும் சேர்ந்து ஏற முடிகிற ரைடுகள் இத்தனை இருப்பதுதான் அந்தப் பழைய பூங்காவின் உண்மையான பலம் என்பது என் கருத்து.

ஆகவே வீட்டிலேயே, அன்று அணியப்போகும் காலணியோடு, சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். ரைடின் நுழைவில் நிற்கும் ஊழியர் அளவுக்கோலை நிறுத்தி, குதிகாலைத் தரையில் பதிக்கச் சொல்லி, நிமிர்ந்து நிற்கச் சொல்வார்; ஒரு செ.மீ. குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே கெஞ்சுவதால் பயனில்லை, அது பாதுகாப்பு விதி. ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அழும் குழந்தையைத் தேற்றுவதைக் காட்டிலும், எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று புறப்படுமுன்பே சொல்லிவைப்பது எளிது.

குடும்பத்தின் இளைய பிள்ளை 102 செ.மீ.க்குக் கீழே இருந்தால் எபிக் யூனிவர்ஸுக்கு ஒரு நாள் போதும். மீதியை டிஸ்னிக்குக் கொடுத்துவிடலாம். எல்லாப் பிள்ளைகளும் 122 செ.மீ.யைத் தாண்டியவர்களாகவும் ரோலர் கோஸ்டர் பிரியர்களாகவும் இருந்தால் இரண்டு நாட்கள் எபிக்குக்குத் தகும். இடைப்பட்ட உயரம் என்றால் ஒரு முழு நாளை உறுதி செய்து, இன்னொன்றை மாற்று நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் மாறிமாறி ஏறுவதற்கு டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்றும், யூனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்றும் ஏற்பாடு இருக்கிறது: ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருப்பார், பிறகு மீண்டும் முழு வரிசையில் நிற்காமலே இவர் ஏறிக்கொள்ளலாம். இரண்டு இடங்களிலும் நுழைவில் உள்ள ஊழியரிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

பழைய பூங்காவுக்குப் பட்டியல் போடும் முறை

பிடித்த இடத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள் பழைய பயணத்தை அப்படியே மறுபடி நடத்திப் பார்க்க முயல்வார்கள். அதற்குத்தான் அதிக நேரம் விரயமாகிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும், "மேஜிக் கிங்டமில் எதை விட்டுவிட்டு வந்தால் உனக்கு மனம் கேட்காது?" என்று கேட்டு, ஆளுக்கு இரண்டு பெயர்களை மட்டும் எழுதி வாங்குங்கள். நான்கு பேர் எட்டுப் பெயர் சொன்னாலும் அவற்றில் பாதி ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஐந்தாறு ரைடுகள், ஒரு வாணவேடிக்கை, ஒரு அணிவகுப்பு என்று பட்டியல் சுருங்கிவிடும். அதுதான் பழைய பூங்காவுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடன். மற்றவையெல்லாம் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் தயாரானதும் டிஸ்னியின் இணையதளத்தில் உள்ள மூடல் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் போகாத ஆண்டுகளில் பழைய பூங்காவும் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஸ்பிளாஷ் மவுண்டன் 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே இடத்தில் 2024 ஜூனில் டிஸ்னி படத்து இளவரசி டியானாவின் பெயரில் புது நீர்ச்சவாரி வந்தது. ட்ரான் கோஸ்டர் 2023 ஏப்ரலில் திறந்தது. லிபர்ட்டி ஸ்கொயர் படகும், டாம் சாயர் தீவும், அவற்றைச் சுற்றியிருந்த ஆறும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடப்பட்டன. பிக் தண்டர் மவுண்டன் ரயில் 2025 ஜனவரியில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஓடவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு தீவில் ஓடி விளையாடிய மகன் இப்போது தன் தங்கையை அங்கே அழைத்துப்போக ஆசைப்பட்டிருந்தால், அந்த ஏமாற்றத்தை அவன் பூங்காவுக்குள் சந்திப்பதைவிட வீட்டில் சந்திப்பது நல்லது. பட்டியலில் இருந்து இரண்டு பெயர்கள் இப்படி நீங்கினால், அந்த நேரத்தைத் தயக்கமில்லாமல் புதிய பூங்காவுக்கு மாற்றிவிடலாம்.

நுழைவுச்சீட்டே பாதிக் கணக்கைச் சொல்லிவிடும்

இரண்டு நிறுவனங்களும் தேதிக்கு ஒரு விலை வைக்கின்றன. பெரியவர் ஒருவருக்கான ஒருநாள் சீட்டு 100 டாலரை எளிதில் தாண்டும், கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நெரிசல் காலத்தில் 200 டாலரைத் தொடும், வரி தனி. இரண்டு இடத்திலும் மூன்று வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம்.

இதில் கவனிக்க வேண்டியது, நாட்கள் கூடக்கூட டிஸ்னியின் ஒருநாள் சராசரிச் செலவு குறைந்துகொண்டே போகிறது என்பதுதான். முதல் மூன்று நாட்களுக்குத்தான் விலை அதிகம். நான்காவது, ஐந்தாவது நாளைச் சேர்க்கும்போது கூடுதலாகக் கொடுக்க வேண்டியது ஒப்பளவில் கொஞ்சம். மேலும், பலநாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உதாரணமாக, நான்கு நாள் சீட்டை ஏழு நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். எனவே இடையில் இரண்டு நாள் யூனிவர்சல் பக்கம் போய்வருவதற்குத் தடை எதுவும் இல்லை. டிஸ்னியில் ஒரு நாளை வெறும் மாலைப்பொழுதாக மட்டும் செலவிட்டாலும் பெரிய நட்டம் இல்லை.

எபிக் யூனிவர்ஸில் இதே கணக்கு எடுபடாது. அங்கே ஒரு நாளுக்குக் கொடுக்கும் பணம் முழுதாகத் தெரியும்; பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே நுழைபவர் பாதிப் பணத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார் என்று சொல்லலாம். யூனிவர்சலின் பலநாள் சீட்டை வாங்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சீட்டில் எபிக் யூனிவர்ஸுக்கு எத்தனை நாள் இருக்கிறது, ஒரே நாளில் எபிக்குக்கும் மற்ற யூனிவர்சல் பூங்காக்களுக்கும் மாறிச் செல்ல அனுமதி உண்டா. எல்லாச் சீட்டிலும் இவை ஒன்றுபோல் இருப்பதில்லை. பெயரில் "அனைத்துப் பூங்காக்களும்" என்பதுபோல் தோன்றினாலும் நிபந்தனைகளைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

வரிசையைத் தவிர்க்கும் சீட்டுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்னியில் இதன் பெயர் லைட்னிங் லேன். மல்டி பாஸ் வாங்கினால் மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம்; மிகவும் பிரபலமான ஓரிரண்டு ரைடுகளுக்குத் தனியாகச் சிங்கிள் பாஸ் வாங்க வேண்டும். டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள், அறைக்கு வந்துசேரும் நாளுக்கு ஏழு நாட்களுக்கு முன்பே தங்கும் நாட்கள் எல்லாவற்றுக்கும் பதிவு செய்யலாம். மற்றவர்களுக்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் வாய்ப்பு. பதிவு தொடங்குவது ஆர்லாண்டோ நேரப்படி காலை ஏழு மணிக்கு. இன்னும் இந்தியாவிலிருந்து புறப்படாதவர்களுக்கு அது கோடைக்காலத்தில் மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. யூனிவர்சலில் இதற்கு இணையானது எக்ஸ்பிரஸ் பாஸ். போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று விடுதிகளில் தங்குவோருக்கு யூனிவர்சலின் பழைய இரண்டு பூங்காக்களிலும் எக்ஸ்பிரஸ் இலவசம். ஆனால் எபிக் யூனிவர்ஸில் அது செல்லாது. இது தெரியாமல் விடுதிக்கு அதிகப் பணம் கட்டிவிட்டு வருந்துபவர்கள் உண்டு. பணத்துக்கு ஒரு எல்லை வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வாங்க வேண்டுமென்றால், மேஜிக் கிங்டமில் நீங்கள் அரை நாள் மட்டும் இருக்கும் தினத்துக்கு லைட்னிங் லேன் வாங்குங்கள். குறைந்த நேரத்தில் பட்டியலை முடிக்க அது கைகொடுக்கும். முழு நாளும் இருக்கும் இடத்தில் அதிகாலை வருகையே ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்துவிடும்.

எது முதலில்?

புதியதை முதலில் வையுங்கள். பிடித்ததைக் கடைசியில் வைத்தால் இனிமையாக முடியும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. எபிக் யூனிவர்ஸின் ரைடுகளில் பல திறந்தவெளியில் இருப்பவை. ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ், விங் கிளைடர்ஸ், ஓநாய் மனிதன் கோஸ்டர், டாங்கி காங் வண்டி என எல்லாமே அருகில் மின்னல் தென்பட்டால் நிறுத்தப்படும். ஃபுளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. அதோடு, புதுமையான இயந்திரங்கள் அடிக்கடி நின்று நின்று ஓடுவது எந்தப் புதிய பூங்காவிலும் வழக்கம்தான். விடுமுறையின் கடைசி நாளில் எபிக்கை வைத்துக்கொண்டு, அன்று மழை பிடித்துக்கொண்டால் ஈடுசெய்ய நாளே இருக்காது. முதல் இரண்டு நாட்களுக்குள் வைத்திருந்தால், தவறிப்போனதைப் பின்னால் இன்னொரு நாளில் பிடித்துக்கொள்ள வழி உண்டு.

இந்தியாவிலிருந்து நேரே வருபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆர்லாண்டோ நம் நேரத்தைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. வந்திறங்கிய முதல் மூன்று நாட்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் சொக்கும். இதை எதிர்த்துப் போராடுவதற்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாயில் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய் நிற்பது அந்த நாட்களில் ஒரு சிரமமே இல்லை. எபிக் யூனிவர்ஸ் அதிகம் பலன் தருவதும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான். மேஜிக் கிங்டமின் வாணவேடிக்கையையும், 2025 ஜூலையில் தொடங்கிய ஸ்டார்லைட் என்னும் இரவு அணிவகுப்பையும் கண் விழித்துப் பார்க்க வேண்டுமென்றால், உடல் அந்த ஊர் நேரத்துக்குப் பழகிய நான்காம் நாளுக்குப் பிறகே போவது நல்லது. தாத்தாவும் பாட்டியும் உடன் வந்தால் இது கூடுதலாகப் பொருந்தும்.

போக்குவரத்தும் இந்த வரிசைக்கே சாதகமாக இருக்கிறது. எபிக் யூனிவர்ஸ், யூனிவர்சலின் பழைய பூங்காக்களை ஒட்டி அமையவில்லை. சில மைல்கள் தள்ளி, மாநாட்டு மையத்தின் பக்கம் தனியாக இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து 528ஆம் எண் சுங்கச் சாலை அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. டிஸ்னி இன்னும் தென்மேற்கே உள்ளது. ஆகவே இறங்கியவுடன் எபிக் அருகிலுள்ள ஸ்டெல்லா நோவா, டெர்ரா லூனா ஆகிய விடுதிகளில் ஒன்றில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, பிறகு டிஸ்னி விடுதிக்கு மாறுவது அலைச்சலைக் குறைக்கும். பெட்டிகளைக் கட்டி அவிழ்ப்பது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் யூனிவர்சல் விடுதியில் இருப்பவர்களுக்குப் பூங்காவின் தேர்ந்தெடுத்த பகுதிகளுக்குள் ஒரு மணி நேரம் முன்னதாக நுழைய அனுமதி கிடைக்கிறது. டிஸ்னி விடுதியில் இருப்பவர்களுக்கு அரை மணி நேரம் முன்னதாக நுழைய அனுமதி கிடைக்கிறது. டிஸ்னியில் இந்தச் சலுகை அறைக்கு வரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும்கூட உண்டு. ஒரே விடுதியில் ஏழு இரவும் தங்கினால், இரண்டில் ஒரு பூங்காவின் காலைச் சலுகையை இழக்கிறீர்கள். மாலையில் ஐ-4 நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் நேரமும் கணக்கில் சேரும்.

இரண்டு வாயில்கள், இரண்டு காலைகள்

மேஜிக் கிங்டமுக்குக் காரில் செல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கார் நிறுத்தும் இடம் பூங்காவின் வாசலில் இல்லை. டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டர் என்னும் இடத்தில் காரை விட்டுவிட்டு, செவன் சீஸ் லகூன் என்ற நீர்ப்பரப்பை மோனோரயிலிலோ படகிலோ கடக்க வேண்டும். வாடகைக் கார் ஓட்டுநர்களும் அங்கேதான் இறக்கிவிடுவார்கள். காரை நிறுத்திய நிமிடத்திலிருந்து முதல் ரைடின் வரிசையில் நிற்கும் வரை முக்கால் மணி நேரம் ஒதுக்குவதே பாதுகாப்பு. டிஸ்னி விடுதியின் பேருந்து மட்டும் நேரே பூங்கா வாசலில் கொண்டுபோய் விடும். இந்தக் காரணத்தால்தான் "காலையில் மேஜிக் கிங்டம், மதியம் எபிக்" என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெளியேறும்போதும் அதே படகு, அதே ரயில், பிறகு நெடுஞ்சாலை, மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று நாளின் நடுவே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு நிறுவனம் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எபிக் யூனிவர்ஸின் அமைப்பைப் புரிந்துகொண்டால் அங்கே கால் வலி பாதி குறையும். நடுவில் செலஸ்டியல் பார்க் என்னும் தோட்டமும் நீரூற்றுகளும். அதைச் சுற்றி நான்கு உலகங்கள். ஒவ்வோர் உலகத்துக்கும் தோட்டத்திலிருந்து ஒரு நுழைவாயில். மேஜிக் கிங்டமில் ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு நடந்தே போய்விடலாம். இங்கே ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுத்தோட்டத்துக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு ரைடு இங்கே, ஒரு ரைடு அங்கே என்று செயலியில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடாமல், ஓர் உலகத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது. திறந்தவெளி ரைடுகளைக் காலையில் முடித்துவிட்டு, மரியோ கார்ட், மான்ஸ்டர்ஸ் அன்செயின்ட், ஹாரி பாட்டர் ரைடு, டிராகன் நாடகம் போன்ற கூரைக்குள் நடப்பவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள். மழை வந்தால் எல்லோரும் அங்கேதான் ஓடிவருவார்கள் என்பதால் மழைக்கு முன்பே உள்ளே போய்விடுவது இன்னும் நல்லது.

அங்கே நேரம் எங்கே போகிறது என்பதற்கு ஓர் உதாரணம். மரியோ விளையாட்டுகளின் உலகமான சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையை விற்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு சுவரில் உள்ள கட்டங்களைக் கையால் குத்தினால் நாணயம் விழும் ஓசை கேட்கும், தொலைபேசிச் செயலியில் மதிப்பெண் ஏறும். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று எந்த ரைடிலும் ஏறாமலே ஒன்றரை மணி நேரம் கட்டத்துக்குக் கட்டம் ஓடிக் குத்திக்கொண்டிருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அதை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனால் அழுகைதான் மிஞ்சும். புதிய பூங்காவுக்கு முழு நாள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இத்தகைய எதிர்பாராத ஒன்றரை மணி நேரங்களுக்காகத்தான்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பூங்காவில் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. குளிரூட்டிய கட்டடங்களுக்குள் அமர்ந்தபடி பார்க்கும் காட்சிகளும் பல. புதியதில் மரங்கள் இன்னும் இளையவை. வெயில் தாங்காத முதியவர்கள் இருந்தால் எபிக் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர்களை விடுதிக்கு அனுப்பிவிட்டு, இருட்டிய பிறகு நீரூற்றுக் காட்சிக்கு மீண்டும் அழைத்துவரும்படி திட்டமிடுங்கள். விடுதி அருகில் இருந்தால்தான் இது நடக்கும். சாப்பாட்டிலும் ஒரு வேறுபாடு: டிஸ்னி பூங்காக்களுக்குள் சூடாக்கத் தேவையில்லாத வெளி உணவைக் கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் கொண்டுபோகலாம், எனவே புளியோதரைப் பொட்டலத்துக்குத் தடையில்லை. யூனிவர்சலில் சிறு தின்பண்டங்கள், தண்ணீர், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மதிய உணவை உள்ளேதான் வாங்க நேரும்.

ஒரு மாதிரித் திட்டம்

தாத்தா, பாட்டி, பெற்றோர், 128 செ.மீ. உயரமுள்ள ஒன்பது வயது மகள், 99 செ.மீ. உயரமுள்ள நான்கு வயது மகன், ஏழு இரவுகள். இந்தக் குடும்பத்துக்கு நான் இப்படிப் பிரித்துக் கொடுப்பேன். வந்திறங்கிய நாளில் பூங்கா எதுவும் வேண்டாம், எபிக் அருகே தங்கி உறங்கட்டும். இரண்டாம் நாள் முழுவதும் எபிக். மகளோடு அப்பாவும் அம்மாவும் மாறிமாறிப் பெரிய ரைடுகளில் ஏற, மகனுக்கு யோஷியும் ராட்டினமும் படகும். மூன்றாம் நாள் காலை நீச்சல் குளம், மதியம் டிஸ்னி விடுதிக்கு மாற்றம், களைப்பு இல்லையென்றால் மாலையில் மேஜிக் கிங்டமில் இரண்டு மணி நேரம். நான்காம் நாள் அதிகாலை முதல் மேஜிக் கிங்டம், மைன் டிரெயினிலிருந்து தொடங்கி. அதற்கு 97 செ.மீ. போதும் என்பதால் மகனும் ஏறலாம், அவன் வாழ்வின் முதல் ரோலர் கோஸ்டராக அது இருக்கும். மதியம் விடுதியில் ஓய்வு. ஐந்தாம் நாள் எதற்கும் ஒதுக்கப்படாமல் காலியாக இருக்கட்டும். ஆறாம் நாள் டிஸ்னியின் வேறொரு பூங்கா, அநேகமாக அனிமல் கிங்டம். ஏழாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேஜிக் கிங்டம், லைட்னிங் லேனோடு, வாணவேடிக்கை வரை. மறுநாள் விமானம்.

எண்ணிப் பார்த்தால் புதியதற்கு ஒரு நாளும், மேஜிக் கிங்டமுக்கு ஒரு முழு நாளும் இரண்டு மாலைகளும் வருகின்றன. அந்த மகன் அடுத்த ஆண்டு நான்கு செ.மீ. வளர்ந்துவிட்டால் இதே குடும்பத்துக்கு நான் வேறு கணக்குச் சொல்வேன். பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பமாக இருந்தால் இரண்டாம், மூன்றாம் நாட்கள் இரண்டையும் எபிக்குக்கே கொடுத்து, மேஜிக் கிங்டமை ஒரு முழு நாளோடும் ஒரு மாலையோடும் நிறுத்திக்கொள்ளலாம். மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தில், 133 அடி உயரம் வரை ஏறி இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று துரத்தும் ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸில் பகலில் ஒரு முறையும், விளக்குகள் எரியும் இரவில் ஒரு முறையும் ஏற வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். அதைச் சாத்தியமாக்கும் அளவுக்குத் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். ஏறுமுன் இதயம், முதுகெலும்பு, கழுத்து தொடர்பான எச்சரிக்கைப் பலகையைப் பெரியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

அந்தக் காலி நாளை என்ன செய்வது?

மாதிரித் திட்டத்தில் காலியாக விட்ட ஐந்தாம் நாளைப் பார்த்து, இவ்வளவு செலவு செய்து போய்விட்டு ஒரு நாளைச் சும்மா விடுவதா என்று வீட்டில் கேள்வி எழும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாம் நாள் மழையில் எபிக்கின் கோஸ்டர்கள் நின்றுபோயிருந்தால், அந்தக் காலி நாள்தான் மறுபடி போவதற்கான நாள். அப்படி நேராவிட்டால், எந்தப் பூங்காவைப் பற்றிப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசுகிறார்களோ அதற்கு அந்த நாளைக் கொடுங்கள். நான்காம் நாள் இரவே முடிவு செய்துவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் காலை வாயில் திறப்பதற்குமுன் போய் நிற்க முடியும்.

சீட்டு விஷயத்தில் இதற்கு முன்னேற்பாடு தேவை. டிஸ்னி சீட்டை ஒரு நாள் கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். முன்பே சொன்னதுபோல் கூடுதல் நாளின் செலவு குறைவு. எபிக்குக்குக் கூடுதல் நாளை முன்கூட்டி வாங்க வேண்டாம். ஆனால் நீங்கள் போகும் வாரத்தில் எபிக்கின் ஒருநாள் சீட்டு விற்றுத் தீர்ந்துவிடும் அபாயம் இருக்கிறதா என்பதைப் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே அவர்களுடைய நாட்காட்டியில் பார்த்துவாருங்கள். மார்ச் மாத வசந்த விடுமுறை, ஈஸ்டர், டிசம்பர் கடைசி வாரம் ஆகியவற்றில் பயணம் என்றால் காத்திருக்காமல் முதலிலேயே வாங்கிவிடுவதே சரி. ஜனவரி பிற்பகுதியிலோ செப்டம்பரிலோ போவதாக இருந்தால், முதல் நாள் இரவு செயலியைத் திறந்து வாங்கினாலும் பெரும்பாலும் கிடைக்கும். செப்டம்பர் பயணத்துக்கு இன்னும் ஒரு நிபந்தனை: புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்வதால், விடுதி முன்பதிவை எத்தனை நாட்களுக்கு முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பதை எழுத்து மூலம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.